பயணம் நின்றது, அச்சாரம் யாருக்கு?

 

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போக நாடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சீட்டுக் கட்டியும் நகையை விற்றும் சேர்த்த பணத்தைப் பயணக் குழு நடத்துபவரிடம் அச்சாரமாகக் கொடுக்கிறார்கள். பயணம் நின்றுவிடுகிறது. பணத்தைக் கேட்டால் இன்று, நாளை என்று தவணை சொல்லப்படுகிறது. வீட்டுப் பெரியவர்களோ, "அல்லாஹ்வின் வீட்டுக்கென்று நிய்யத் வைத்த பணம், அதற்காக வழக்காடலாமா? நன்மை போய்விடுமே!" என்று கேட்பவரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். இந்த மௌனம் மார்க்கம் கற்றுத் தந்ததுதானா?

இல்லவே இல்லை. நாயகம் (ஸல்) அவர்களிடமே ஒருவர் தமக்கு வரவேண்டிய கடனைக் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் சினந்து எழுந்தபோது, அவரை விட்டுவிடுமாறும், உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்றும் கூறித் தடுத்தார்கள். அவருக்குரிய ஒட்டகத்தைவிட மேலான ஒட்டகத்தையே கொடுக்கவும் செய்தார்கள். இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. படைப்புகளில் சிறந்தவரிடமே உரிமையைக் கேட்க இடமிருந்தது என்றால், பயணக் குழுக்காரரிடம் கேட்பது எப்படிப் பாவமாகும்? பயணம் புனிதமானதுதான். ஆனால் அதற்காகச் செய்துகொண்ட பேரம், மற்ற எல்லாப் பேரங்களையும் போல ஒரு பேரமே. மார்க்கச் சட்டத்தில் அதற்கு 'இஜாரா' என்று பெயர். வாகனம், தங்குமிடம், உணவு, வழிகாட்டல் ஆகிய பயன்களுக்கு ஈடாகக் கூலி தரும் உடன்படிக்கை அது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பயணம் யாரால் நின்றது என்பதாகும்.

பயணம் குழுக்காரரால் நின்றிருக்கலாம். அல்லது அரசாங்கத் தடையாலோ இயற்கைச் சீற்றத்தாலோ நடக்க முடியாமல் போயிருக்கலாம். பேசிய பயன் கிடைக்கவில்லை. ஆகவே அதற்குரிய கூலியும் இல்லை. விற்ற கனிகள் வாங்கியவர் கைக்கு வந்து பயன்படுமுன் ஆபத்தால் அழிந்தால், சகோதரனின் பொருளை எந்த உரிமையில் எடுத்துக்கொள்கிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். நாகூருக்கு வேன் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள். புயலில் சாலை அடைபட்டு வேன் புறப்படவே இல்லை. அந்த முன்பணத்தை வேன்காரர் வைத்துக்கொண்டால் உங்கள் மனம் ஒப்புமா? பெரிய பயணத்திலும் நியாயம் அதுவே.

2020 பிப்ரவரி 27 அன்று கொரோனாவின் காரணமாக வெளிநாட்டு உம்ரா பயணிகளின் வருகையை சவூதி அரசு நிறுத்தியது. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கும் வெளிநாட்டவர் செல்ல இயலவில்லை. ஜூன் 23 அன்று இந்திய அரசு, ஹஜ் கமிட்டி வழியாக விண்ணப்பித்த சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் பேருக்கும் அவர்கள் கட்டிய பணம் எவ்விதப் பிடித்தமுமின்றித் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தது. மீண்டும் 2025 ஏப்ரலில், தனியார் குழுக்களுக்குரிய சுமார் 52,500 இடங்களில் பெரும்பகுதி கைநழுவிப் போயிற்று. மினாவின் முகாம் முதலிய ஏற்பாடுகள் சவூதி விதித்த கெடுவுக்குள் முடிவாகவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் 10,000 பேருக்கே வழி திறந்தது. எஞ்சியவர்களின் பணம் குழுக்காரர் கையில் அமானிதமே அன்றி இலாபம் அன்று.

இரண்டாவது நிலை, பயணியே பின்வாங்குவது. இங்கே இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயணத்துக்கு வாகனம் அமர்த்தியவர் தக்க காரணத்தால் பயணத்தைக் கைவிட்டால் உடன்படிக்கையை முறிக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹப். ஹஜ்ஜின் காலம் தவறிப்போவதையே 'ஹிதாயா' நூல் உதாரணமாகக் காட்டுகிறது. வாகனக்காரர் வெறுமனே மனம் மாறினால் அது காரணமாகாது என்றும் அந்நூலே கூறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபிலோ, வாகனம் அமர்த்தியவர் நோயுற்றாலும் உடன்படிக்கை முறியாது என்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தெளிவாக்குகிறது. எனவே மனம் போனபடி பின்வாங்கிவிட்டு, முழுத் தொகையும் வேண்டும் என்று அடம் பிடிப்பதும் முறையன்று. விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் மெய்யாகவே செலவானதைக் குழுக்காரர் ரசீதோடு காட்டட்டும், மீதியைத் தரட்டும். வருந்திக் கேட்பவரின் பேரத்தை மனமுவந்து முறித்துக் கொடுப்பவரின் தவறை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி குழுக்காரருக்கும் உண்டு.

"முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறார்களே என்பீர்கள். இது 'உர்பூன்' எனப்படும் அச்சார விவகாரம். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இதை ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் ஏற்கிறது. மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் (ரலி) அவர்களின் வீட்டை வாங்கியபோது, உமர் (ரலி) அவர்கள் ஒப்பாவிட்டால் ஸஃப்வானுக்கு நானூறு என்று பேசிக்கொண்ட நிகழ்ச்சி அவர்களுக்கு ஆதாரம். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமியும் கால வரம்போடு இதை அனுமதித்தது. ஆனால் கவனியுங்கள்: அனுமதித்தவர்களும், வாங்குபவர் பின்வாங்கும்போதுதான் அச்சாரம் போகும் என்றார்கள். கொடுக்க வேண்டியவரே கொடுக்கத் தவறினால் அந்த வாசகம் அவருக்கு அரணாகாது.

நாட்டின் சட்டமும் இதற்கு அணுக்கமானதே. நடக்க முடியாமற்போன ஒப்பந்தத்தின்கீழ் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புதுச்சேரிவாசிகள் அங்குள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

ஆயினும் முதற்படி அதுவன்று. மஹல்லாப் பெரியவர்களை வைத்து ஸுல்ஹு பேசுங்கள். குழுக்காரர் மெய்யாகவே நொடித்துப் போயிருந்தால் அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280ஆம் வசனம் பணிக்கிறது. அவகாசத்தை நாள் குறித்து எழுதி வாங்குங்கள். வசதியிருந்தும் இழுத்தடித்தால் அது அநியாயம் என்பது நபிமொழி. அங்கே முறையிடுவதில் குற்றமில்லை. பணம் கொடுக்கும் நாளிலேயே, எந்தத் தேதிக்குமுன் விலகினால் எவ்வளவு பிடித்தம், பயணமே நின்றால் எத்தனை நாளில் திருப்பம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்னவன் அல்லாஹ். அது நம்பிக்கையின்மை அன்று, இபாதத்.

உரியவர் பணம் உரியவரிடம் சேரவும், நம் அனைவருக்கும் மக்பூலான ஹஜ்ஜும் உம்ராவும் கிட்டவும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.