எரிந்த ஏடும் எண்ணிம ஏடும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானபோது, நூல்களும் சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 சாம்பலாயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் படியெடுத்து, வகைப்படுத்தி, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது.

இது இழந்தோர்க்கு ஆறுதல் மட்டுமே என்பாருடன் நாம் உடன்படோம். இறந்தோர் தம் சொல்லைத் தாமே காக்க இயலாதவர். அக்கடன் இருப்போர் மேல் விழுகிறது. ஆயினும், சேமித்தல் மட்டும் போதுமா? பெயரும் ஆண்டும் குறிக்கப்படாத படிமம், கணினிக்குள் கிடந்தும் தொலைந்ததே. (பேழையில் பூட்டிய சுவடியைக் கரையான் ‘படித்த’ கதை நமக்குப் புதிதன்று!) பட்டியலிடுபவரின் கையிலும் நீதி இருக்கிறது. ஊர்ப் பெரியவரின் மலருக்குப் பத்துக் குறிச்சொற்களை வழங்கிவிட்டு, கூலித் தொழிலாளரின் துண்டறிக்கையைப் ‘பிற’ என்னும் தொகுப்பில் தள்ளினால், அவர்தம் பேரன் தேடி வந்து வெறுங்கையோடு திரும்புவான்.