கோட்டுக்கு வெளியே நிற்பவர்

கைப்பந்தாட்டத்தில் பயிற்றுநருக்கு உரிய இடம் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் என்பதில் விதிநூலுக்கு ஐயமில்லை; ஒரு செட்டில் 30 வினாடி இடைநிறுத்தம் இரண்டு, ஆட்டக்காரர் மாற்றம் ஆறு, இவையே அவர் கையில் இருப்பவை. ஆண்டுக்கணக்கில் கற்பித்தவருக்கு நெருக்கடி வேளையில் எஞ்சுவது இவ்வளவே என்றால், ஒருவரை வளர்த்து ஆளாக்கியவரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்ற பழைய கேள்வி இந்த விளையாட்டில் கூடுதலாகவே உறுத்துகிறது. அந்த உறுத்தலை இன்றுவரை ஆறவிடாத ஆட்டம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மகளிர் அரையிறுதி.

ஜோசே ராபர்ட்டோ கிமாரயஸ் பயிற்றுவித்த பிரேசில் அணி, நிகோலாய் கார்ப்போலின் ரஷ்ய அணியை இரண்டு செட்டுக்கு ஒன்று என முந்தி, நான்காவது செட்டில் 24–19 என்ற நிலைக்கு வந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் இறுதியாட்டம். அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. ரஷ்யா அந்த செட்டை 28–26 என்றும் ஐந்தாவதை 16–14 என்றும் கைப்பற்றியது.

24–19 என்ற அந்த நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 24–24 என்று சமன் செய்ய ரஷ்யா தொடர்ந்து ஐந்து புள்ளிகள் எடுத்தாக வேண்டும். அவற்றில் குறைந்தது நான்கு, ரஷ்யா சர்வீஸ் போட்டு பிரேசில் அதை வாங்கி ஆடியவை. உயர்மட்டப் போட்டிகளில் சர்வீஸை வாங்கும் அணிக்கே முதல் தாக்குதல் வாய்ப்பு கிடைப்பதால், புள்ளியும் பெரும்பாலும் அதன் பக்கமே விழும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. சர்வீஸை மீட்கும் அணிதான் ஓரிடம் சுழன்று நிற்கும். சுழற்சி எனப்படும் இந்த ஏற்பாடு, மீட்காத அணிக்கு அப்படியே உறைந்துவிடுகிறது. அதே மூவர் முன்வரிசையில், அதே மூவர் பின்வரிசையில், சற்றுமுன் தவறவிட்ட அதே இடத்தில் நின்று அடுத்த பந்தையும் எதிர்கொள்ள வேண்டும். அந்த உறைவைக் கலைக்க வெளியே நிற்பவரால் முடிவது, ஆளை மாற்றுவதும் ஆட்டத்தை 30 வினாடி நிறுத்துவதும்தான்.

பழைய விதியில் பள்ளித் திடலில் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இந்த உறைவு புதிதல்ல. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்றிருந்த அக்காலத்தில், 14 புள்ளியில் நின்றுகொண்டு சர்வீஸை மட்டும் மாற்றி மாற்றி இழந்துகொண்டிருக்கலாம். வெளிச்சம் மங்கும், செட் முடியாது. கோட்டோரம் நிற்கும் பி.டி. மாஸ்டர், முழங்காலை மடக்கு, பந்தைப் பார் என்று கத்துவார். பின்வரிசைப் பையனோ பந்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பான், பந்து அவன் தோளுக்கருகே விழும். பந்தைப் பார் என்ற சொல்லே பார்வையைப் பந்திலிருந்து பிடுங்கிவிடும் இந்த விபரீதத்தைப் பயிற்சிக் கையேடுகள் போதிய அளவு பேசுவதில்லை.

கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964 டோக்கியோவில் ஜப்பானிய மகளிரைப் பயிற்றுவித்த ஹிரோபுமி டைமட்சுவை இங்கே நினைக்காமல் இருக்க இயலாது. நிச்சிபோ நூற்பாலையின் கைசுகா அணிப் பெண்களை, பகல் முழுதும் வேலை பார்த்தவர்களை, நள்ளிரவு தாண்டியும் தரையில் உருண்டு பந்தெடுக்க வைத்தவர் அவர். 'என் பின்னால் வா' என்ற பொருளில் ஒரு நூலுக்குத் தலைப்பிட்டவர். பின்னால் வரச் சொன்னவரும் ஆட்ட நாளில் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவரே. சோவியத் அணிக்கெதிரான கடைசி ஆட்டத்தின் மூன்றாவது செட்டில் ஜப்பான் 14–9 என்று முன்னிலை பெற்றது. அதுவும் ஐந்து புள்ளி இடைவெளிதான். அது 14–13 வரை கரைந்த பின், சோவியத் ஆட்டக்காரர் ஒருவர் வலைக்கு மேலாகக் கை நீட்டிய பிழையால் ஆட்டம் முடிந்தது. கொடும்பயிற்சி தந்த மனவுறுதியே வென்றது என்று சொல்வது வழக்கம். கடைசிப் புள்ளி எதிரணியின் பிழையாய் வந்ததை அந்த வழக்கு வசதியாக மறந்துவிடுகிறது.

ஏதென்ஸில் அப்படி மீண்டெழுந்த ரஷ்யாவும், இறுதியாட்டத்தில் முதல் இரு செட்களை வென்றபின் சீனாவிடம் தோற்றது. கிமாரயஸோ 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். 2012 லண்டன் காலிறுதியில் அதே ரஷ்யாவுக்கு எதிராக, தோல்விக்கு ஒரு புள்ளியே மிச்சம் என்ற நிலையை ஆறு முறை கடந்து, ஐந்தாவது செட்டை 21–19 என்று அவரது அணி வென்று, பின்னர் தங்கமும் பெற்றது. 2004இன் காயமே 2012இன் உரமாயிற்று என்று கோத்துவிடுவது எளிது, கேட்கவும் இதமாயிருக்கிறது. ஆனால் அந்த ஆறில் ஒரே ஒரு பந்து ஒரு கையகலம் தள்ளி விழுந்திருந்தால், அதே பயிற்றுநர், அதே உழைப்பு, அதே சொற்கள், எதிர்மாறான பாடத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டிருக்கும். அவர் கற்பித்ததற்கு அதில் பங்கே இல்லை என்று தள்ளவும் முடியவில்லை, எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்லவும் வழியில்லை.