முதல் வழி யாருக்கு?

டென்மார்க் வீதிச் சட்டப்படி, வலப்புறம் திரும்பும் கார், நேரே செல்லும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். மோதிச் சைக்கிளோட்டி காயமுற்றால், காரோட்டி பிழை செய்யாவிடினும் நட்டஈட்டுப் பொறுப்பு பொதுவாகக் கார்ப் பக்கத்தையே சாரும். "இது நீதியா? அவர்களும் சிவப்பு விளக்கில் நிற்பதில்லையே!" என்று எம்மவர் சிலர் கேட்பதுண்டு.

சட்டம் சைக்கிளையும் விட்டுவிடவில்லை. சந்தியில் இடப்புறம் திரும்புபவர் முதலில் நேரே கடந்து, பின்னரே திரும்ப வேண்டும். மீறினால் தண்டப்பணம் உண்டு. ஆயினும் கணக்கேட்டைப் போல வீதியில் இரு பக்கமும் சமப்படுவதில்லை. பிழை எவரிடமும் நேரலாம். எலும்பு முறிவதோ பெரும்பாலும் சைக்கிளில் இருப்பவருக்கே. ஆகவே ஒரு தொன் இரும்பை ஓட்டுபவர் கூடுதல் பொறுப்பைச் சுமப்பதே தர்மம்.

வேலைக்குச் சைக்கிளிலும் கோயிலுக்குக் காரிலும் செல்லும் நாம், ஆசனத்துக்கு ஒரு நியாயம் வைத்திருக்கலாமா? பூசைக்கு நேரமானாலும், தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தே வலப்புறம் திரும்புவோம்.