கணிப்பும் கடமையும்

நிகழ்தகவு என்பது பலரைத் தொகுத்துக் கூறும் உண்மை. கடமையோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செலுத்த வேண்டுவது. இவ்விரண்டும் மாறுபடுமிடத்து எதனைக் கைக்கொள்வது? நலவாழ்வையும் சுற்றுப்புறத்தையும் பற்றிக் கணினி கணித்துரைக்கும் இந்நாளில் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருள் அந்நீரில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, வீட்டு இணைப்புக் குழாய்களிலிருந்த காரீயம் நீரிற் கரைந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. குழாய்களை மாற்ற முடிவு செய்தனர். ஆயின், எவ்வீட்டில் எக்குழாய் என்பதற்கு நம்பத்தக்க பதிவு இல்லை. பழைய அட்டைகளும் வரைபடங்களும் பிழை மலிந்தவை. தோண்டிக் காண்பதே உறுதியான வழி. அதற்கோ பெரும்பொருள் வேண்டும்.

ஆய்வாளர் சிலர் வீடு கட்டப்பட்ட ஆண்டு, அமைவிடம், மதிப்பு முதலியவற்றைத் தோண்டிக் கண்ட முடிவுகளோடு இணைத்து, ஒவ்வொரு வீட்டிலும் காரீயக் குழாய் இருக்கும் வாய்ப்பைக் கணினி கணிக்குமாறு செய்தனர். தோண்டிய குழி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பாடமாயிற்று. 2017இல் ஆய்ந்த 8,833 வீடுகளுள் 6,228இல் குழாய்கள் மாற்றப்பட்டன; அஃதாவது நூற்றுக்கு எழுபது. 2018இல் கணிப்பைக் கைவிட்டுப் பரவலாகத் தோண்டினர். டிசம்பர் நடுப்பகுதி வரை தோண்டிய 10,531 இடங்களுள் காரீயம் கிடைத்தவை 1,567 மட்டுமே, நூற்றுக்குப் பதினைந்து.

இதனை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. ‘நீர் நல்லது’ என்று அதிகாரிகள் உரைத்ததை நம்பிக் கேடுற்ற மக்கள் அவர்கள். ‘உன் வீட்டில் இருக்க வாய்ப்புக் குறைவு’ என்னும் மற்றொரு சொல்லை அவர்கள் எங்ஙனம் எளிதில் ஏற்பர்? வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்றால், அத்தகைய நூறு வீடுகளில் பத்து வீட்டார் நஞ்சையே பருகுகின்றனர். அவர்களுக்கு அது பத்தன்று, முழு நூறேயாம்.

மறுபுறமும் நோக்குக. அனைவர் வாயிலிலும் ஒரே முறையாகத் தோண்டுவது சமநீதி போலத் தோன்றும். ஆனால், செப்புக் குழாய் உள்ள வீட்டில் ஆட்கள் மண்ணகழும் நாளில், காரீயக் குழாய் உள்ள வீட்டுக் குழந்தை மேலும் ஒருநாள் அந்நீரைப் பருகுகிறது. காலந்தாழ்த்தலும் தீங்கே. பின்தங்கிய மாணவனை முதலில் கவனிக்கும் ஆசிரியர் ஏனையோர்க்கு அநீதி இழைப்பவர் ஆகார். எனினும், முன்னைய மதிப்பெண்ணை நம்பிப் பிறருடைய ஏட்டைத் திருத்தாமலே விடுவாராயின் அவர் கடமை தவறியவரே.

எனவே நாம் தெளியத்தக்கது இது: கணிப்பு வரிசையை அமைக்கலாம்; எவரையும் வரிசையிலிருந்து நீக்கலாகாது. முதலில் எங்குச் செல்வது என்பதற்கு எண் விடை கூறும். எப்போது நிறுத்துவது என்பதற்கு மனிதனின் மனச்சான்றே விடை கூற வேண்டும். 2019இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஃபிளின்ட் நகரம் கணிப்பு முறைக்கு மீண்டது. அம்முறை பயன்மிக்கதே. ஆயினும், பட்டியலின் கடைசியில் நிற்கும் வீட்டாரிடம், ‘நீங்கள் ஏன் பின்னால் நிற்கிறீர்கள், உங்கள் முறை எப்போது வரும்’ என்று நேரிற் சென்று விளக்கும் பொறுப்பு எக்கணினிக்கும் உரியதன்று, அது நம்முடையது.