போயிட்டு வாரேன்

வெளிநாட்டில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு சுற்றுகிற எல்லாரும் கடைசி இரண்டு நாட்களில் ஒருமுறையாவது சொல்லிவிடுகிற ஒரு வாக்கியம் உண்டு. "இங்கேயே இருந்துடலாம் போல இருக்குடா." முதல் நாள் யாரும் இதைச் சொல்வதில்லை. கைக்காசு கரைந்து, அழுக்குச் சட்டைகள் தனிக் கவருக்குள் போய், திரும்பும் டிக்கெட்டை போனில் ஒருதரம் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது வாயில் வரும். எத்தனையோ பேர் சொல்லித் தேய்ந்த வாக்கியம். ஆனால் அதற்கு உண்மையில் என்ன பொருள்? அதைச் சொல்லும்போது நாம் யாருடைய இடத்தில் நின்று சொல்கிறோம்?

நாங்கள் நாலு பேர். ரெண்டு பேர் அருப்புக்கோட்டை, ரெண்டு பேர் திருச்சுழிப் பக்கம். ஒருத்தன் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். தறிச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பான். பத்து நாள் இலங்கை. மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. கண்டி, எல்ல என்று எல்லாரும் போகிற பாதையில் போய்விட்டு, கடைசி மூன்று நாட்களை ஹட்டன் பக்கம் வைத்திருந்தோம். கண்மாயில் தண்ணீரைவிட சீமைக்கருவேலத்தை அதிகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் அதிகம்தான். தறிக்காரன்தான் முதலில் சொன்னான். "மாப்ள, இங்கயே இருந்துடலாம் போல இருக்கு."

அவன் சொன்ன இடம் ஒரு தோட்டத்து லயத்தின் வாசல். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த பாட்டி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "இருங்க தம்பி, யாரு வேணாங்கிறா? கொழுந்து பறிக்க ஆள் பத்தலைன்னுதான் தொரை சொல்றாரு" என்றார். பிறகு நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "எங்க அப்பாவோட தாத்தா திருச்சுழிப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. ஊரு பேரு யாருக்கும் தெரியல" என்றார். அவருடைய அக்கா குடும்பம் எழுபதுகளில் 'ஒப்பாரிக் கோச்சி'யில் ஏறி இந்தியா போனதாம். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் ஒப்பாரி வைத்ததால் வந்த பெயர்.

எங்கள் கரிசல் காட்டுக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு பழையது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது இலங்கையில் காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து தேயிலை பரவத் தொடங்கியிருந்தது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கங்காணிகளின் பின்னால் கடல் தாண்டிப் போய், மன்னாரிலிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்களைக் கட்டிப்போட்டது 'துண்டு' என்கிற ஒரு சின்னக் காகிதம். ஆளின் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல்தான் இதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

திருச்சுழிக்காரன் ஒருவன் ஒரு சீட்டைக் கிழித்துப் போட்ட கதையும் எங்கள் ஊரில் உண்டு. பஞ்சம் முடிந்த மறுவருஷம், 1879 டிசம்பரில், திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி, பதினாறு வயதில், மதுரையிலிருந்து கிளம்பினார். அண்ணனுடைய காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடிதம் 'நான்' என்று ஆரம்பித்து, பாதியில் 'இது' என்று மாறி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோட்டோடு முடிகிறது. திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ஆனால் இறங்கியது விழுப்புரத்தில். காசு தீர்ந்தபின் நடை. கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். அடகு வாங்கியவர் பொறுப்பாக விலாசம் எழுதிச் சீட்டு கொடுத்தார். பையன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டான். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. மிச்சக் காசையும் குளத்தில் எறிந்தாயிற்று. அதன்பின் 1950இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு வெளியேறவே இல்லை.

"இங்கேயே இருந்துடலாம்" என்பதை ஒரு மனிதன் நிஜமாகவே செய்தால் அது இப்படித்தான் இருக்கும். திரும்பி வருவதற்கான சீட்டு கையில் இருக்கும்வரை அந்த வாக்கியம் ஒரு ஆசை. சீட்டைக் கிழித்த பிறகுதான் அது முடிவு.

ஆனால் இந்தக் கதையை நான் இங்கேயே நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அழகம்மாள் என்று ஒரு தாய் இருந்தார். கணவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷத்தில் இரண்டாவது மகனும் வீட்டை விட்டுப் போனான். 1898இல் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். 1916இல் அந்தத் தாயே மகனிடம் போய்த் தங்கி, 1922இல் அங்கேயே கண்ணை மூடினார். மகனின் விடுதலையை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கான விலையில் ஒரு பங்கை வேறொருவர் கட்டினார் என்பதை மட்டும் சொல்கிறேன். கிழித்த சீட்டுக்கு மறுபாதி எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கிறது.

இனி அந்தப் பாட்டியின் அக்கா. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பிரித்துக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக வகுத்தார்கள். பாகப்பிரிவினையில் மாட்டைக்கூட எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டிப் பார்ப்பார்கள். இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படி வந்தவர்களுக்கு இங்கே நாம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே. பார்க்காத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? வந்தவர்களில் பலர் நீலகிரியில், அரசு 1968இல் அவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மறுபடி கொழுந்துதான் பறித்தார்கள்.

போகவும் முடியாமல் துண்டு பிடித்து வைத்தது. இருக்கவும் முடியாமல் ஒப்பந்தம் அனுப்பி வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்தால் எங்கள் போனில் இருந்த டிக்கெட் சாதாரணப் பொருளாகத் தெரியவில்லை. சுதந்திரம் என்பதை நாம் கிளம்புவதை வைத்து அளக்கிறோம். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறோம். பஞ்சத்தில் போனவனும் கிளம்பத்தான் செய்தான். கிளம்புவதைப் பசிகூடச் செய்ய வைக்கும். தங்குவதா திரும்புவதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதனால் ஒரு பயணத்தின் தராசு அதன் கடைசி நாட்கள்தான்.

அன்று ராத்திரி நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருத்தன் எரிச்சலாகிவிட்டான். "நாலு நாள் சுத்திப் பாக்க வந்தோம். இதுக்கெல்லாம் குத்த உணர்ச்சிப்படணும்னா எவனும் எங்கயும் போக முடியாதுடா." அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குற்ற உணர்ச்சியால் அந்த லயத்துக் கூரைக்கு ஒரு தகரம்கூட வராது. அதுவும் பயணிக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வசதிதான். நம்மோடு விமானம் ஏறி வந்து ஒரு வாரத்தில் ஆறிவிடும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. "இங்கேயே இருந்துடலாம்" என்று தோன்றும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இருந்தால் விலையை யார் கட்டுவார்கள்? ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் தாங்களாக இருக்கிறார்களா? முதல் கேள்வி நம் வீட்டைப் பற்றியது. இரண்டாவது, நாம் நிற்கும் வாசலைப் பற்றியது. இரண்டையும் கேட்ட பிறகும் அந்த ஆசை மிஞ்சினால் அது உண்மையான ஆசை. எங்கள் நாலு பேருக்கும் மிஞ்சவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போக விரும்புகிறவன் இடத்தை நேசிக்காதவன் ஆகிவிட மாட்டான்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்பார்கள். நம் பாஷையில் விடைபெறும் சொல்லிலேயே ஒரு திரும்பும் சீட்டு இருக்கிறது. பஞ்ச காலத்தில் மூட்டையோடு கிளம்பியவர்களும் வாசலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அவர்களுக்கு வழி இல்லாமல் போனது. நமக்கு அந்த வழி இருக்கிறது. அது நம் திறமையால் வந்தது இல்லை. பிறந்த காலமும் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் கொடுத்தது. அடுத்த தடவை யாராவது அதைச் சொல்லிவிட்டுப் படி இறங்கும்போது, அந்த 'வாரேன்' எவ்வளவு பெரிய சொத்து என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் போதும்.