மலையேறும் விரதமும் அமர்ந்திருக்கும் தவமும்

மன்னார்க்காட்டிலிருந்து சுரமேறி முக்காலியைக் கடந்து வருபவர்களும், கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக வருபவர்களும் வந்து சேருகிற அகளி, பாலக்காட்டு ஜில்லாவின் அட்டப்பாடி மலைநாட்டிலுள்ள சிற்றூர். அந்த மலைநாட்டின் பல ஊர்களிலிருந்தும் தலை நிமிர்ந்தால் தெரிகிற மல்லீசுவரன் முடி என்னும் சிகரத்தை, அங்குள்ள இருளரும் முடுகரும் குறும்பரும் சிவபெருமானாகவே கொண்டு வணங்கி வருகிறார்கள். மாசி மாதத்துச் சிவராத்திரியன்று, செம்மண்ணூர் மல்லீசுவரன் கோயிலில் ஜனங்கள் திரண்டு நிற்க, விரதமிருந்த முடுகர் குலத்து மலைப்பூசாரிகள் சிகரத்தின் மீதேறி விளக்கேற்றுகிறார்கள். அந்த ஒளி தென்படும் திசையை நோக்கிக் கீழே ஆயிரக்கணக்கான கைகள் கூம்புகின்றன.

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு விளக்கேற்ற ஒரு மனிதனின் தொடையும் மூச்சும் நோக வேண்டியது ஏன்? நம்முடைய சமய நூல்கள் பல, தேகத்தை அநித்தியமென்றும் மலபாண்டமென்றும் இகழ்ந்துரைத்து, அடையத்தக்க நிலை அசைவற்ற மோனமே என்று கூறியிருக்க, ஓடியாடும் உடலுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பது அஞ்ஞானமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. உட்கார்ந்திருப்பதே வாழ்வென்று ஆகிவிட்ட இக்காலத்தில், இந்தக் கேள்வி மடங்களின் திண்ணையை விட்டு ஒவ்வொரு வீட்டுக் கூடத்திற்குள்ளும் வந்துவிட்டபடியால், இதை ஊன்றி ஆலோசிப்பது அவசியமாகிறது.

வைத்திய சாஸ்திரம் இதில் சொல்லுவது மிகத் தெளிவானது. ஜெரி மாரிஸ் என்ற ஆங்கில வைத்தியர், லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து, 1953-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். ஒரே வண்டியில், ஒரே புகையைச் சுவாசித்து, நாளெல்லாம் ஆசனத்தில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைக் காட்டிலும், மேலடுக்கிற்கும் கீழடுக்கிற்குமாக நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறியிறங்கிய நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தாலும் பெரும்பாலும் பிற்பட்ட வயதிலேயே வந்தது. தசை சுருங்கி விரியும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை எதிர்பாராமலே தன்னுள் இழுத்துக்கொள்ளும் வல்லமை அதற்கு உண்டு. பல மணி நேரம் அசையாமல் இருக்கும் கால்களில் அந்த வேலை தடைப்பட, சர்க்கரையும் கொழுப்பும் இரத்தத்திலேயே தேங்கி, காலப்போக்கில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி கோலுகின்றன. வாரத்திற்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது; இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 2022-இல் அந்த அளவை எட்டவில்லை என்று 2024-இல் வெளியான கணக்கு கூறுகிறது. 2000-இல் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 22 பேராகவே இருந்தார்கள். ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஒரு தேசம் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் யோகியும் உட்கார்ந்திருக்கிறாரே என்பார்கள். பதஞ்சலி முனிவர் ஆசனத்திற்கு இலக்கணம் வகுத்தபோது உறுதியையும் சுகத்தையும் ஒருங்கே வேண்டினார். முதுகெலும்பைத் தாங்கும் தசை தளர்ந்தவனுக்கு அரை நாழிகை நிமிர்ந்திருப்பதே கஷ்டமென்பதை, பிராகாரத்துத் தூணில் சாயாமல் ஜபம் முடிக்க முயன்ற எவரும் அறிவர். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், கர்மேந்திரியங்களை அடக்கி வைத்துக்கொண்டு மனத்தை மட்டும் விஷயங்களில் உலவ விடுபவனைப் பொய்யொழுக்கமுடையவன் என்று கடிந்து, கர்மத்தை விட்டவனுக்குச் சரீர யாத்திரைகூட நடவாது என்று அடுத்தாற்போலவே சொல்லிவிடுகிறார். கையும் காலும் ஓய்ந்திருக்க, கண்ணும் மனமும் கைப்பேசியின் ஒளித்திரையில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் நம் மாலைப்பொழுதுகளுக்கு இதைவிடக் கண்டிப்பான தீர்ப்பு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புறத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், யோகியின் அமர்வில் உடல் ஓய்ந்து மனமும் அடங்குகிறது. நம் அமர்வில் உடல் ஓய்ந்து மனம் ஓடுகிறது.

ரமண மகரிஷி 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில், பாதாள லிங்கத்தருகே பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதும் அறியாமல் நிஷ்டையிலிருந்தவர். உட்கார்ந்திருந்தே பரத்தை அடைந்தவர் என்று சொல்லத்தக்கவர் அவரைப்போல் வேறு யார்? அவரே பின்னாளில் பொழுது விடியுமுன் ஆசிரமத்து அடுக்களைக்கு வந்து காய்கறி நறுக்கினார். அருணாசலத்தைச் சுற்றிவரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரத்தைப் பல ஆண்டுகள் அடியார்களோடு நடந்து வலம் வந்தார். பிறரையும் அவ்வாறே வலம்வரச் சொன்னார். நிஷ்டை கூடியவருக்கும் அடுக்களை வேலை இழிவாகப்படவில்லை. திருமூலரும், உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த தம் முன்னைக் கருத்தை மாற்றிக்கொண்டு, உள்ளே உறைபவனைக் கண்டபின் அதனைப் பேணலானதைச் சொல்லிச் சென்றவர்.

இவர்கள் எல்லோரினும் இந்த விஷயத்தில் என் நெஞ்சைக் கொள்ளை கொண்டவர் திருநாவுக்கரசர். கையில் உழவாரப்படையை ஏந்தி, கோயில் வீதிகளிலும் திருமுற்றங்களிலும் மண்டிய புல்லைச் செதுக்கிய கைத்தொண்டு அவருடைய பாட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்ததென்று சைவ உலகம் கருதியதே இல்லை. இன்றும் அவர் திருவுருவத்தை அந்தக் கருவியோடுதான் வடிக்கிறார்கள். முதிர்ந்த பிராயத்தில் கயிலையை நாடிச் சென்ற அப்பெருமான், கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்தாரென்று சேக்கிழார் வரலாறு கூறுகிறது. எந்த உடலால் முடிந்ததோ அந்த உடலின் எல்லைவரையில் முயல்வதே வழிபாடு என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. இறுதியில் இறைவன் அவருக்குக் கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே அருளினான்.

அட்டப்பாடியின் பழைய வாழ்வில், தொண்டும் உழைப்பும் தனித்தனியாக இருந்ததில்லை. ஒவ்வோர் ஊருக்கும் தலைவராக மூப்பன் இருப்பதைப்போல, மண்ணுக்குரிய சடங்குகளைச் செய்ய மண்ணுக்காரன் என்ற பொறுப்பாளரும் உண்டு. அவர் மண்ணை வணங்கித் தொடங்கி வைத்த பிறகே விதைப்பு நடக்கும். சரிந்த நிலத்தில் ராகியையும் சாமையையும் துவரையையும் தூவிவிட்டு, இடுப்பை வளைத்த பெண்கள் சிறு கொத்தினால் மேல்மண்ணை விரலாழத்திற்குக் கிளறி விதையை மூடிக்கொண்டே மேடேறுவார்கள். ஒவ்வொரு கொத்துக்கும் தோள், முதுகு, முழங்கால் மூன்றும் வேலை செய்யும். கம்பளம் என்னும் விதைப்புக் கொண்டாட்டத்தில் பெறை, கொகல் என்னும் வாத்தியங்கள் முழங்க, அந்த உழைப்பே ஆட்டமாகவும் மாறும். அங்கே தேகப்பயிற்சி என்றொரு தனிக் காரியத்தை எவரும் தேடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு மலைவாசிகளின் உழைப்பைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது அதர்மமாகும். 1951-இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர்; கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நம்மவர் சென்று குடியேறக் குடியேற, இன்று அவர்கள் பாதிக்கும் குறைந்துவிட்டார்கள்; நிலமும் பெருமளவில் கைமாறிவிட்டது. விதைக்க நிலமில்லாதபோது ராகியும் தினையும் கலத்தைவிட்டு மறைந்து, ரேஷன் அரிசி அவ்விடத்தைப் பிடித்தது. 2013-இல் பச்சிளங் குழந்தைகள் பலர் அங்கே போஷாக்கின்மையால் மாண்டதைத் தேசமே கண்டு கலங்கிற்று. அதன் பின்னரே ஊர்தோறும் சமுதாய அடுக்களைகள் ஏற்பட்டன. 2017-இல் சிறுதானிய சாகுபடியை மீட்கும் அரசுத் திட்டமும் தொடங்கியது. அரிவாள்செல் இரத்தசோகை என்ற பரம்பரை வியாதியும் அம்மக்களிடையே உண்டு. அந்நோயுள்ளவர்க்கு அளவுமீறிய சிரமம் கடும் வலியைக் கொண்டுவரும். பசித்த வயிற்றிடமும் நோயுற்ற இரத்தத்திடமும் சென்று, அசைவே ஆரோக்கியம் என்று உபதேசிப்பவன் தர்மத்தை அறியாதவன். உழைப்பு வழிபாடாவதற்கு முன்னால் உழைப்பவனுக்கு உணவும் நிலமும் ஓய்வும் உரிமையாக வேண்டும்.

ஆகையால் உபதேசம் நமக்கே உரியது. வயிறு நிறைய உண்டு, எட்டு மணி நேரத்திற்குமேல் நாற்காலியில் அமர்ந்து, மாலையில் சுவாமி படத்தின் முன் மறுபடியும் அமர்கிற நமக்கு. அவ்வளவு நேரம் உட்கார்பவர்களும் நாள்தோறும் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் உட்கார்தலின் கேடு பெரும்பாலும் நீங்குவதாக, பத்து லட்சத்திற்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த ஒரு மணியைக் கடியாரத்தைப் பார்த்துக் கழிக்கும் தண்டனையாக்குவதா, அல்லது யாரோ ஒருவருக்குப் பயன்படும் கைத்தொண்டாக்குவதா என்பது நம் விருப்பம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் உழவாரப்பணி மன்றங்கள் விடுமுறை நாட்களில் கோயில்களைத் துப்புரவு செய்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் ஆட்கள் போதுவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், உடல் இடங்கொடுக்கும் அளவுக்கு, ஒரு துடைப்பத்தையோ மண்வெட்டியையோ எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோயிலுக்கு நடந்தே செல்லுங்கள்.