கேட்ட பாடமும் ஆராயும் கடமையும்

சித்தூர் நகருக்கு அணித்தே பாகுதா ஆற்றங்கரையில் அமைந்த காணிப்பாக்கம், பிள்ளையார் கோயிலாலும் அங்கு நிகழும் சத்தியப் பிரமாணத்தாலும் பெயர் பெற்ற ஊராகும். கடன் வாங்கியவன் இல்லையென்று சாதித்தாலும், களவு செய்ததாக ஐயுறப்பட்டவன் மறுத்தாலும், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்வாயா?" என்று கேட்பது அவ்வட்டாரத்து வழக்கம். குளத்தில் நீராடிச் சந்நிதியில் நின்று பொய்யுரைக்க மக்கள் அஞ்சுவர். அரசியல்வாதிகளும் தம் எதிரிகளை அங்கு வருமாறு அறைகூவுவதுண்டு. தெய்வம் தண்டிக்கும் என்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. வினையே தன் பயனைத் தரும் என்பது நம் கொள்கை. ஆயினும் அவ்வழக்கத்தின் அடியில் ஒரு நல்ல வினா உள்ளது: பிறர் சொல்லும் சொல்லை எதைக் கொண்டு ஏற்பது?

சத்தியம் பொய்யனைப் பிடிக்கலாம், சார்புடையவனைப் பிடிக்காது. பொய்யன் தான் சொல்வது பொய்யென்று அறிவான், ஆகலின் அஞ்சுவான். சார்புடையவனோ, தான் கண்ட பக்கமே முழு உண்மை என்று மனமார நம்புகிறான். அவனைக் காணிப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றாலும் தயங்காது சத்தியம் செய்து திரும்புவான். சொல்பவனுடைய நேர்மை ஒன்று; சொல்லப்பட்டதன் உண்மை மற்றொன்று. முன்னதைக் கண்டு பின்னதை ஒப்புக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

இவ்வேறுபாடு இன்று கல்வித் துறையில் பெரிதும் வேண்டப்படுகிறது. கல்லூரி விரிவுரைகளைப் பதிவு செய்து நாடெங்கும் வழங்கும் முறை நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூரதர்சன் வழியாகக் கல்லூரி மாணவர்க்கான நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தை நடத்தலாயின. 2017 ஜூலையில் ஸ்வயம் என்னும் இணையக் கல்வி அமைப்பும், அதனுடன் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கப்பெற்றன. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயிலலாம் என்றிருந்த 2016-ஆம் ஆண்டு விதி, 2021-இல் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இதனால் விளையும் நன்மை பெரிது. திருப்பதியில் 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரர் பல்கலைக்கழகமும், 2015-இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் உள்ளன. ஆயினும் அவற்றின் வாயிலை மிதிக்கும் வாய்ப்பு அப்பகுதி இளைஞர் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டிய பிள்ளை, பெரும் பேராசிரியரின் விரிவுரையைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காசின்றிக் கேட்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட நம்மனோர்க்கு இதன் அருமை விளங்கும். ஆனால் அப்பிள்ளையின் வீட்டில், கேட்டதைச் சரிபார்த்துச் சொல்லப் பெரும்பாலும் வேறொருவர் இரார். ஆகவே அவன் ஏமாறினால் முழுவதும் ஏமாறுவான்.

காணிப்பாக்கத்துத் தலக்கதை பார்வையற்றவர், செவி கேளாதவர், வாய் பேசாதவர் ஆகிய மூன்று உடன்பிறந்தாரைப் பற்றியது. கிணறு தோண்டும்போது அம்மூவரின் குறைகளும் நீங்கினவாம். பதிவான வகுப்பிலோ அக்குறைகள் மூன்றும் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஆசிரியர் மாணவனின் முகவாட்டத்தைக் காணார். அவன் ஐயத்தைக் கேளார். மாணவனோ வாயிருந்தும் வினவ இயலாதவன். வினாக்களை எழுதி அனுப்பும் வசதி உண்டெனினும், சொல் பிறந்த கணத்தில் இடைமறித்துக் கேட்பதற்கு அது ஈடாகாது. எதிரில் இல்லாத ஆசிரியரை விசாரிக்கும் பொறுப்பு இவ்வாறு கேட்பவன் தலையில் விழுகிறது.

அவ்விசாரணையில் தரம், சார்பு என்னும் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். தரமாவது, பொருளை ஒழுங்குபடுத்தி, எடுத்துக்காட்டுடன் விளக்கி, முடிவுக்கு வந்த வழியைக் காட்டுவது. எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதும் தரத்தைச் சேர்ந்ததே. 2024 ஜூலை 1-ஆம் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பதிவான குற்றவியல் விரிவுரை எவ்வளவு நேர்த்தியாயினும், இன்றைய சட்டம் அதுவே என்று நம்பிப் பயில்வோன் பிழைபடுவான். விரிவுரையாளர் பொய் சொல்லவில்லை, காலம் மாறிற்று.

சார்பு இதனினும் நுண்ணியது. ஒரு வாக்கியமும் பொய்யாகாமலே ஒரு பாடம் முழுதும் ஒருபக்கம் சாய்ந்திருக்கக் கூடும். வரிசையே சாய்க்கும். 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் இயற்றிய சர்வதரிசன சங்கிரகம் உலகாயதத்தை முதற்படியிலும், பௌத்தத்தை அடுத்த படியிலும் வைத்து, அத்வைதத்தை முடியாக வைப்பது. அவ்வரிசையைப் பின்பற்றும் விரிவுரையாளர் எதையும் திரிக்காவிட்டாலும், கீழ்ப்படியில் இருப்பது தாண்டிச் செல்லத்தக்கது என்னும் எண்ணத்தைக் கேட்பவன் உள்ளத்தில் பதித்துவிடுவார். மௌனமும் சாய்க்கும். ஒரு கொள்கைக்கு எழுந்த மறுப்பைச் சொல்லி, அம்மறுப்புக்கு அக்கொள்கையார் தந்த விடையைச் சொல்லாதொழிவது அவ்வகை. யார் வாய்மொழி என்பதும் சாய்க்கும். நம் குண்டலகேசிக் காப்பியம் மறைந்தது. எஞ்சியவை சில பாடல்களே. அதன் வாதங்களை அறிய, அதனை மறுக்கவே எழுந்த சமண நூலாகிய நீலகேசியை நாடவேண்டியுள்ளது. தோற்றவன் வழக்கை வென்றவன் வாயால் கேட்பது போன்றது இது. பௌத்தத்தைப் பற்றிய விரிவுரை திரிபிடகத்திலிருந்து பேசுகிறதா, மறுத்தார் நூலிலிருந்து மட்டும் பேசுகிறதா என்று நாம் வினவுவது இதனாலேதான்.

இவ்வளவில் நம் அன்பர்கள் மகிழ்ந்து தலையசைப்பர். ஆனால் அதே அளவுகோலை நம் பக்கமும் வைக்கவேண்டுமன்றோ? மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக்கணக்கரின் கொள்கைகளைக் கேட்கிறாள். பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். பிறரைப் பேசவிட்டது அந்நூலின் பெருமை. ஆயினும் அங்கும் வரிசை ஒருபக்கம் சாய்ந்ததே. அவ்வரிசையில் முடிவில் நிற்பது நம் சமயம். மாதவர் செய்தால் சார்பு, சாத்தனார் செய்தால் நியாயம் என்று கூறுவோமாயின், நாம் தேடுவது உண்மையன்று, வெற்றி. நம்மைப் புகழும் விரிவுரையில் சார்பு இருப்பது நம் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. ஆகையால் இனிக்கும் பாடத்தையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

பகவன் காலாமர்க்கு அருளியது இதுவே. கேள்வியென்றோ, மரபென்றோ, நூலில் உள்ளதென்றோ, இவர் நம் குரு என்றோ ஒன்றை ஏற்றுவிடலாகாது என்று அவர் தெளிவுறுத்தினார். பரிநிருவாணத்துக்குச் சில காலம் முன்னர்ப் போகநகரத்தில் மேலும் ஒரு நெறி வகுத்தார். பகவனிடமே நேரில் கேட்டதாக ஒருவர் சொன்னாலும், அச்சொல்லை உடனே போற்றவும் வேண்டா, இகழவும் வேண்டா. சுத்தத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டு, பொருந்தினால் கொள்க, பொருந்தாவிடில் விடுக என்பது அந்நெறி. நிறுவனத்தின் பெயர், கேட்டவர் தொகை, பேசுவோரின் குரலினிமை ஆகிய எதுவும் ஒப்பிட்டு நோக்கும் உழைப்புக்கு ஈடாகாது. இராசகிருகத்துச் சங்கத்தில் ஆனந்தர் ஓதியபோது, மகாகாசியபர் இச்சுத்தம் எங்கே, யார் பொருட்டுச் சொல்லப்பட்டது என்று கேட்டுக் கேட்டே உறுதி செய்தார். அவ்வினாக்களைப் பதிவுப் பாடத்திடமும் கேட்கலாம்: பேசியவர் யார்? எந்த ஆண்டில்? எத்தகைய மாணவர்க்கு?

கற்றுத் துறைபோகிய பேராசிரியரை எடைபோட இளைஞன் யார் என்று சிலர் கேட்பர். அவன் பேராசிரியரை எடைபோடவில்லை. ஒரு கூற்றையும் அதன் சான்றையுமே எடைபோடுகிறான். வேறு சிலர், எல்லாமே சார்புடையவை, எதைக் கேட்டு என்ன பயன் என்று சோர்ந்து ஒதுங்குவர். இது ஆராய்ச்சியன்று, சோம்பல். சார்பு உண்டெனினும் தரமான விரிவுரை, எதிர்ப்பக்கம் அறிந்தவனுக்குப் பெரும் பயன் தரும். சார்பின்றித் தரமும் இன்றிய விரிவுரை எவர்க்கும் பயன்படாது.

தேர்வு பற்றியும் ஓர் ஐயம் எழலாம். என்.பி.டி.இ.எல். சான்றிதழுக்கு வார ஒப்படைகளுக்கு 25 விழுக்காடும், மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் உண்டு. இவ்வாறு மதிப்பெண் தொங்கும் இடத்தில், தான் ஒப்பாத கருத்தை விடையாக எழுதுவது பொய்யுரை ஆகாதா? ஆகாது என்பது நம் துணிபு. பாடத்தில் கூறியது யாது என்பதே அங்கு வினா. விடைத்தாள் சத்தியப் பிரமாணம் அன்று. ஆனால் மதிப்பெண்ணுக்காக எழுதியதை நாளடைவில் தன் கருத்தாகவே கொண்டுவிடாதபடி விழித்திருத்தல் அவன் கடன்.

பதிவுப் பாடத்துக்கு நேர்வகுப்பில் இல்லாத ஒரு சிறப்பும் உண்டு. நேரிற் பேசிய சொல் காற்றோடு போகும். பதிவான சொல் நின்று பதில் சொல்லும். நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம், மூலநூலைத் திறந்து ஒத்துப் பார்க்கலாம். ஆகவே நம் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் ஒதுக்கி, இளைஞரைக் கூட்டி ஒரு விரிவுரையைப் பொதுவில் கேட்கச் செய்யலாம். இடையிடையே நிறுத்தி, சொல்லாமல் விட்டது யாது, எதிர்ப்பக்கத்தார் இதனைத் தம் கொள்கையென ஒப்புவரா என்று வினவுக. பின்னர் அதே பொருளில் வேறொருவர் விரிவுரையையும் கேட்பிக்க. மாதம் ஒருமுறையேனும் நம் கொள்கையைப் புகழும் விரிவுரையையே அவ்வாறு விசாரணைக்கு எடுத்துக்கொள்க. பிறர் பாடத்தில் மட்டும் குற்றம் காணக் கற்ற பிள்ளை வாதியாவான். தனக்கு உவந்த பாடத்திலும் குற்றம் காணக் கற்றவனே மாணவன்.